வேலை காத்திருக்கட்டும், மலைக்கு வா, அக்கா!

வேலை! வேலை! வேலை!

காலையில் கண் விழித்தால் வேலை. இரவில் கண்ணை மூடும் வரை வேலை. "இதை முடித்துவிட்டுச் சற்று உட்காரலாம்" என்று நினைக்கிறோம். ஒன்று முடிவதற்குள் இன்னொன்று வந்து நிற்கிறது.

வீட்டு வேலைக்கு முடிவு உண்டா? கிடையாது. கழுவிய பாத்திரம் மறுபடியும் அழுக்காகிறது. துவைத்த துணி மறுநாளே கூடைக்கு வருகிறது. அப்படியானால் அமைதியாக நாலு அடி நடக்கவும், நம்மைப் பற்றி நாமே சற்று எண்ணிப் பார்க்கவும் எப்போதுதான் பொழுது கிடைக்கும்?

இதற்கு எனக்கு விடை கிடைத்த இடம் செஞ்சிக் கோட்டை. விடையைச் சொன்னவள் என் அக்கா.

பார்த்த மலை, ஏறாத மலை

அக்கா செஞ்சியில் வாழ்க்கைப்பட்டு 22 வருஷம் ஆகிறது. மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போனால் எதிரே ராஜகிரி மலை தெரியும். எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து அந்த மலை மேல் ஏறிவிட்டுப் போகிறார்கள். அக்கா மட்டும் ஒரு நாளும் ஏறியது இல்லை.

"ஏன் அக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஏதுடா நேரம்? மலை எங்கே போய்விடப் போகிறது?" என்றாள்.

மாமியாருக்குக் கஞ்சி, மாட்டுக்குத் தீனி, பிள்ளைகளுக்குச் சோறு. இத்தனைக்கும் நடுவில் புதிதாக ஒரு பரபரப்பு. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் மூத்த பெண்ணுக்கு ஒரு வரன் வந்திருந்தது. "நல்ல இடம். படிப்பை நிறுத்திவிட்டு முடித்துவிடலாம்" என்று வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அக்காவின் கதை நாட்டில் எத்தனையோ பெண்களின் கதை. மத்திய அரசு 2024-ம் வருஷம் ஒரு கணக்கு எடுத்தது. கூலி இல்லாத வீட்டு வேலையில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரி 289 நிமிஷம் செலவிடுகிறார்கள். அதாவது, ஏறக்குறைய ஐந்து மணி நேரம்! வீட்டு வேலை செய்யும் ஆண்களோ 88 நிமிஷம்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. இந்தக் கணக்கை நான் மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு, "சரி, அவளை அழைத்துப் போ. இன்றைக்குச் சமையல் என் பொறுப்பு" என்றார்.

அக்கா நம்பவில்லை. புளி எங்கே இருக்கிறது, மாத்திரை எப்போது கொடுப்பது என்று பத்து நிமிஷம் பாடம் நடத்தினாள். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன். அரை மனதோடு வைத்தாள்.

மூன்று மலை, ஒரு கோட்டை

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் மதில்களால் இணைத்துக் கட்டிய கோட்டை இது. அவற்றில் உயரமானது ராஜகிரி. சுமார் 800 அடி.

இந்தக் கோட்டைக்காக எத்தனை போர்கள்! 1677-ல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது, மொகலாயப் படை 1690 முதல் சுமார் எட்டு வருஷம் முற்றுகையிட்டது. 1714-ல் ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்து நின்று மாண்டான் தேசிங்கு ராஜன். அவன் கதையை நம் ஊர்களில் இன்றும் பாடுகிறார்கள். 1750-ல் பிரெஞ்சுக்காரர்களும், 1761-ல் ஆங்கிலேயர்களும் கோட்டையைப் பிடித்தார்கள்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம், மராட்டியர் ஆண்ட 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மீதி ஒன்று, நம் செஞ்சி!

"யாரும் உலை வைக்கவில்லை!"

கோட்டைக் கதவு திறந்ததும் ஏறத் தொடங்கினோம். அக்கா விடுவிடு என்று படி ஏறினாள். வீட்டில் நடக்கும் அதே வேகம்!

"மெதுவாக, அக்கா! மேலே யாரும் உலை வைத்துக் காத்திருக்கவில்லை" என்றேன்.

"பால்காரர் வந்திருப்பாரா?" என்றாள். சற்று நேரம் கழித்து, "மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாரோ, என்னவோ" என்றாள். கால் மலையில் இருந்தது. மனம் வீட்டில் இருந்தது.

வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். அங்கே உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். அதற்குப் பிறகு அக்காவின் பேச்சு குறைந்தது. பாறை இடுக்கில் முளைத்திருந்த ஒரு சிறு செடியைக் குனிந்து பார்த்தாள். வெயில் காயும் ஓணானைப் பார்த்தாள். ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் உருண்டைப் பாறைகளைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதை யாருடா இப்படி அடுக்கி வைத்தது?" என்றாள்.

யாரும் அடுக்கவில்லை. செஞ்சிப் பாறைகள் சுமார் 250 கோடி வருஷம் பழமையானவை. வெயிலும் மழையும் பாறையின் வெடிப்புகளில் புகுந்து, மூலைகளைத் தேய்த்து உருட்டின. இடையில் இருந்த மண்ணை மழை அடித்துப் போயிற்று. எஞ்சியவையே இந்த உருண்டைகள். அவற்றின் வயதுக்கு முன்னால், சிவாஜியும் தேசிங்கும் நேற்று வந்துபோனவர்கள்!

உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு பெரிய பிளவு. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன் மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் பகைவன் வர முடியாது. அக்கா பாலத்தைக் கடந்தபோது, பால்காரரும் பாத்திரமும் அந்தப் பக்கமே நின்றுவிட்டதாக எனக்குத் தோன்றியது.

உச்சியில் ஒரு கேள்வி

மேலே நல்ல காற்று. கீழே கல்யாண மகால் பொம்மை போலத் தெரிந்தது. வயல்கள், ஏரிகள், நெல் மூட்டை ஏற்றிச் செல்லும் வண்டிகள். அக்கா தன் வீட்டு மொட்டை மாடியைத் தேடினாள். கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு நிழலில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

பிறகு மெல்லச் சொன்னாள்: "பெண்ணுக்கு வந்த வரனைப் பற்றி வீட்டில் எல்லோரும் ஒவ்வொன்று சொன்னார்கள். எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தேன். ஆனால், எனக்கு இதில் இஷ்டமா என்று என்னையே நான் கேட்கவில்லை. இன்றைக்குத்தான் கேட்டேன்."

"என்ன பதில் கிடைத்தது, அக்கா?"

"அவள் படிப்பை முடிக்கட்டும்."

வீடு திரும்பினோம். சாம்பாரில் உப்பு கூடியிருந்தது. சமையலறை முழுவதும் தண்ணீர். ஆனால் யாரும் பட்டினி கிடக்கவில்லை! மாடும் தண்ணீர் குடித்திருந்தது.

மாலையில் அக்கா தன் மனதில் பட்டதைச் சொன்னாள். மாமா உடனே பதில் சொல்லவில்லை. ஆனால், மாப்பிள்ளை வீட்டாருக்கு அன்று போன் செய்வதாக இருந்தவர், செய்யவில்லை.

நடந்தால் தெளியும்

நடக்கும்போது மனம் தெளிகிறது. இதை உணர்ந்தவர்கள் பலர். இங்கிலாந்தின் விஞ்ஞானி டார்வின், தம் வீட்டுத் தோட்டத்தின் அருகே ஒரு நடைபாதை அமைத்துத் தினமும் சுற்றிச் சுற்றி நடந்தார். பல யோசனைகளுக்கு அந்தப் பாதையே துணை. ஜப்பானில் 1982-ல் அந்த நாட்டு வனத்துறை "வனக் குளியல்" என்று ஒரு பழக்கத்துக்குப் பெயர் சூட்டியது. தண்ணீர் வேண்டாம், மரங்களின் நடுவே அமைதியாக, மெதுவாக நடப்பதே அந்தக் குளியல்.

செஞ்சிக்குப் போகிறவர்கள் காலையிலேயே ஏறிவிடுங்கள். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். குரங்குகள் உண்டு, தின்பண்டத்தைக் கையில் பிடிக்காதீர்கள். குப்பையைக் கீழே கொண்டுவந்து விடுங்கள்.

மலை இல்லாத ஊரா? ஏரிக்கரை போதும். வயல் வரப்பு போதும்.

ஆனால் ஒன்று. "வேலை முடிந்ததும் போகலாம்" என்று இருந்தால் போகவே முடியாது. அக்காவுக்கு அன்று வேலை முடிந்துவிடவில்லை. வேறொருவர் கரண்டியைக் கையில் எடுத்தார். அதனால்தான் 22 வருஷமாகப் பார்த்த மலையில் அவள் கால் பட்டது.

உங்கள் வீட்டிலும் அம்மா இருக்கிறார், அக்கா இருக்கிறாள், மனைவி இருக்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உலை வைக்கப் போவது யார்? இன்றே பேசி முடிவு செய்யுங்கள்!