டிரான்ஸ்ஃபார்மர்ஸ் (2007 திரைப்படம்)

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் 2007 ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க அதிரடித் திரைப்படமாகும். இதனை மைக்கேல் பே இயக்கினார். வாகனங்களாக உருமாறும் வேற்றுலக இயந்திரங்களின் கதையான இது, ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் பொம்மைகளையும் 1984 இல் தொடங்கிய இயங்குபடத் தொலைக்காட்சித் தொடரையும் அடிப்படையாகக் கொண்டது.

தொடரும் திரைப்படமும்

தொடரின் நாயகனான ஒப்டிமஸ் பிரைம் 1986 இல் வெளிவந்த இயங்குபடத் திரைப்படத்தில் இறந்தது சிறுவர்களைப் பெரிதும் வருத்தியது. 1987 இல் இப்பாத்திரம் தொடரில் மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டது. அச்சிறுவர்கள் வளர்ந்தபின் வெளிவந்த 2007 திரைப்படத்தில் பாத்திரங்களின் தோற்றம் மாற்றப்பட்டிருந்தது. தட்டையான முகப்புடைய சரக்குந்தாக உருமாறிய ஒப்டிமஸ் பிரைம் நீண்ட முகப்புடைய சரக்குந்தாகவும், வோக்ஸ்வாகன் பீட்டிலாக உருமாறிய பம்பிள்பீ செவ்ரோலே கமாரோவாகவும் மாறின. எனினும் தொடரில் ஒப்டிமஸ் பிரைமுக்குக் குரல் கொடுத்த பீட்டர் கல்லனே இத்திரைப்படத்திலும் குரல் கொடுத்தார். இதனால் உருவம் மாறியபோதும் பழைய இரசிகர்கள் தம் நாயகனைக் குரலால் அடையாளங்காண முடிந்தது.