தவறணை யாருடைய வீடு?

இங்கிலாந்தின் சிறு நகரங்களில் மதுச்சாலையைச் சுருக்கமாக 'பப்' என்பார்கள். 'பொது வீடு' என்பதே அதன் பொருள். உட்கார இருக்கை, குளிருக்குக் கணப்பு, பசிக்குச் சாப்பாடு எல்லாம் அங்கே உண்டு. குடிக்காதவரும் போய்ப் பேசிக்கொண்டிருக்கலாம். 1830ஆம் ஆண்டின் பியர்ச் சட்டம், வரி செலுத்துவோர் இரண்டு கினி கட்டித் தமது வீட்டிலேயே பியர் விற்க வழிசெய்தது.

அதே ஆட்சி நமது மலையகத்துக்குக் கொண்டுவந்தது வேறொன்று. 'தவறணை' என்ற சொல் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. அதைப் பெரும் வருமானமாக்கியது சாராயக் குத்தகை. ஒரு பகுதியில் சாராயம் விற்கும் உரிமையை ஆங்கிலேய அரசு ஏலத்தில் விட்டது. கூடுதலாகக் கேட்டவருக்கே உரிமை. கட்டிய பணத்தை மீட்கக் குத்தகைக்காரர் அதிகம் விற்றாக வேண்டும். தோட்டங்கள் பெருகியபோது, கையில் கூலிப் பணத்தோடு ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் இருந்தனர். இலங்கையின் புதிய செல்வந்தர் பலரது முதல், சாராயக் குத்தகையில் சேர்ந்தது என்பதை வரலாற்றாய்வாளர் குமாரி ஜயவர்த்தனா விரிவாக எழுதியிருக்கிறார்.

1912இல் மதுவரிச் சட்டம் வந்தது. மதுவிலக்கு இயக்கமும் வலுத்தது. ஆனால் மதுவை வருமானமாகப் பார்க்கும் பார்வை மாறவில்லை.

வெலிமடை, பண்டாரவளை, ஊவாத் தோட்டங்கள் எங்கும் இதன் பாரம் பெண்கள் மீதே விழுகிறது. கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள். அரிசிக்கும் பிள்ளைகளின் கொப்பிக்கும் போக வேண்டிய பணத்தின் ஒரு பங்கு, சம்பள நாளன்றே கடைக்குப் போய்விடுகிறது. போயா தினத்தில் கடை பூட்டு; 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது. இவை சட்டத்தில் உள்ளவை. கடை பூட்டினால் கசிப்பு வருகிறது என்பதும் உண்மை.

வடக்கின் கள்ளுத் தவறணைகளைச் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. அங்கும் குடியால் குடும்பங்கள் சீரழிகின்றன. ஆயினும் வருமானத்தில் ஒரு பகுதியாவது உழைப்பவரிடம் திரும்புகிறது. தோட்டப்புறச் சாராயக் கடையில் இலாபம் அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவருக்கு, வரி அரசுக்கு.

அனுமதிப்பத்திரம் இன்றும் மேலிருந்தே வருகிறது. 2024இல் வழங்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வெளியானது. மொத்தம் 361. ஊவாவுக்கு 30, வடக்குக்கு 32. அந்த 32இல் 16, போரில் தரைமட்டமாகிய கிளிநொச்சிக்கு. 1977, 1983 வன்முறைகளில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் பல குடியேறியதும் அந்த மண்ணில்தான்.

தமது ஊரில் தவறணை வேண்டுமா என வாக்களித்து முடிவு செய்யும் முறை பிரித்தானியர் காலத்திலேயே இலங்கையில் இருந்தது. அப்படிப் பல தவறணைகள் மூடப்பட்டன. புதிய கடைக்கு அனுமதி வழங்குமுன் அந்த ஊர் மக்களிடம், முதலில் பெண்களிடம், கேட்பது புதுமையான கோரிக்கையல்ல. முன்பு இருந்த உரிமையையே மீண்டும் கேட்கிறோம்.