பாலிசியின் உள்பக்கம் – 14: டிராக்கில் இடித்த கார்

திருவல்லிக்கேணியின் வாசல்வரை மோட்டார் பந்தயம் வந்துபோனது 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில். தீவுத்திடல், கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று மூன்றரை கிலோமீட்டர் சுற்று. 2023 டிசம்பரிலேயே நடந்திருக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. தினமும் 27டி பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் வழிவிட்டு நகர்கிற ரோட்டில் ஃபார்முலா கார்கள் பாய்ந்ததைப் பார்த்த பையன்களுக்கு, நம் காரையும் ஒருநாள் அப்படி ஓட்டிப் பார்த்தால் என்ன என்று தோன்றியிருந்தால் அதில் தப்பே இல்லை. அந்த ஆசைக்கு முறையான ஓர் இடம் இங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது.

பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால், ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கிற அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் அந்த ரேஸ் டிராக். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க் காலத்து சோழவரம் விமான ஓடுதளத்தில் பல்லாண்டு பந்தயம் நடத்தியது. பிறகு 1990இல் சொந்தமாக இந்த டிராக்குக்கு வந்தது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு திருப்பங்கள். போட்டி இல்லாத நாட்களில் சில சமயம் ‘டிராக் டே’ நடக்கும். கட்டணம் கட்டி, ஹெல்மெட் போட்டுக்கொண்டு, திங்கட்கிழமை ஆபீஸுக்கு எடுத்துப்போகிற அதே காரில் சுற்றிவரலாம். கோப்பை இல்லை, முதலிடம் இல்லை. ஆனால் உள்ளே நுழையும்போது ஒரு பாண்டில் கையெழுத்து கேட்பார்கள்: எனக்கோ காருக்கோ என்ன நேர்ந்தாலும் நடத்துபவர்கள் பொறுப்பில்லை.

அந்தக் கையெழுத்தைப் போடும்போது, “நமக்குத்தான் ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கே” என்று பலர் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். அந்த நம்பிக்கையைத்தான் இந்த வாரம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உங்கள் பாலிசியில் ‘லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்’ என்று ஒரு பத்தி இருக்கும். காரை எதற்கெல்லாம் பயன்படுத்தினால் பாலிசி செல்லாது என்ற பட்டியல் அது. வாடகைக்கு ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது, ஏற்பாடு செய்து நடத்தப்படும் பந்தயம், பேஸ் மேக்கிங், வேகச் சோதனை, ரிலையபிலிட்டி ட்ரையல், மோட்டார் வியாபாரம். 2002ஆம் ஆண்டு இந்திய மோட்டார் டாரிஃப் எழுதிவைத்த வரிகள் இவை. 2007இல் சொந்தக் காரின் சேதத்துக்கான பிரீமியத்தைக் கம்பெனிகளே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று ஆனபோதும் இந்த வாசகம் பெரும்பாலும் அப்படியே தங்கிவிட்டது. பொது விதிவிலக்குகளில் இன்னொரு வரியும் உண்டு: இந்த எல்லையை மீறி கார் ஓடிக்கொண்டிருக்கும்போது நேர்கிற எந்த நஷ்டத்துக்கும், எந்தப் பொறுப்புக்கும் கம்பெனி கட்டுப்படாது. அது பாலிசி முழுவதற்கும் பொருந்தும். பம்பர், கதவோடு நிற்பதில்லை; மோட்டார் பாலிசியோடு சேர்த்து வாங்கிய, உரிமையாளரே ஓட்டுநராக இருந்தால் கிடைக்க வேண்டிய 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் அதில் அடிபட்டுப் போகும்.

சென்ற வாரம் வெள்ளத்தில் மூழ்கிய என்ஜினைப் பார்த்தோம். அங்கே பாலிசியில் ஓட்டை இருந்தாலும் அடைக்க ‘என்ஜின் புரொடெக்ட்’ ஆட்-ஆன் விற்கிறார்கள். இங்கே ‘ஜீரோ டெப்ரிசியேஷன்’ ஆட்-ஆன் வாங்கியிருந்தாலும் பயனில்லை. அடிப்படைப் பாலிசி செல்லாத நேரத்தில் அதன்மேல் ஏற்றிய ஆட்-ஆன் எப்படிச் செல்லும்?

வீட்டிலிருந்து டிராக்கின் கேட்வரை நீங்கள் ஓட்டுவது சாதாரணப் பயணம்தான். திரும்பி வருவதும் அப்படியே. பூந்தமல்லியில் லாரி உரசினால் தாராளமாக கிளைம் செய்யலாம். இடையில் உள்ளே ஓட்டிய நேரம்தான் வழக்குக்குரியது.

டிராக் டே பந்தயமே இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, சட்டத்தில் அதற்கு வலுவும் உண்டு. விதிவிலக்கைக் காட்டி கிளைமை மறுக்கிற கம்பெனிதான் அதை நிரூபிக்க வேண்டும். வாசகம் இரண்டு பொருள் தந்தால், எழுதிய கம்பெனிக்கு எதிரான பொருளையே கொள்ள வேண்டும் என்பதும் நீதிமன்றங்கள் ஏற்ற நெறி. யாரும் யாரையும் முந்தப் போட்டியிடவில்லை, நேரம் கணக்கிடப்படவில்லை, பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்றால் அதைப் பந்தயம் என்று சொல்வது கடினம். ஆனால் பக்கத்திலேயே ‘வேகச் சோதனை’ என்ற வார்த்தையும் காத்திருக்கிறது. கண்ணாடியில் லேப் டைமரை ஒட்டிக்கொண்டு, முதல் சுற்றைவிட மூன்றாவது சுற்றில் எத்தனை நொடி குறைந்தது என்று வீடியோ போட்டவர், அது வேகச் சோதனை இல்லை என்று எப்படி வாதாடுவார்?

அமலேந்து சாஹூ வழக்கை இங்கே சிலர் நினைவுபடுத்துவார்கள். சொந்த உபயோகத்துக்கான வண்டியை வாடகைக்கு ஓட்டியதாகச் சொல்லி கிளைம் முழுவதுமாக மறுக்கப்பட்டது. 2010இல் உச்ச நீதிமன்றம், உபயோக எல்லை மீறப்பட்டது என்பதற்காக ஒட்டுமொத்தமாகக் கைவிரிக்கக் கூடாது என்று சொல்லி, இரண்டரை லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. ‘நான்-ஸ்டாண்டர்ட்’ என்று குறைத்துத் தீர்க்கும் வழக்கம் அது. டிராக்கில் இடித்தவருக்கு இது கைகொடுக்கும் என்று நான் நம்பவில்லை. வாடகைக்கு ஓட்டியது வேறு, விபத்து வேறு என்று அங்கே பிரித்துச் சொல்ல இடமிருந்தது. டிராக்கில் அந்த வேகமேதான் விபத்தின் காரணம். கன்ஸ்யூமர் கோர்ட்டில் வருடக்கணக்கில் நின்று, கடைசியில் வக்கீல் ஃபீஸுக்குச் சமமாக ஏதோ கைக்கு வருவதை நம்பி யாரும் கிளம்ப வேண்டாம்.

மற்றவர் காரை இடித்தாலோ? பொது இடத்தில் ஓடும் வண்டிக்கு தேர்ட் பார்ட்டி காப்பீடு கட்டாயம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு. தனியார் நிலமானாலும் மக்கள் அனுமதியோடு வந்துபோகிற இடமென்றால் அது பொது இடமே என்று 1988இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு விரிவாகப் பொருள்கொண்டது. ஆகவே டிராக்கும் அதற்குள் வரும் என்று வாதாடலாம். ஆனால் அதே சட்டத்தின் 150ஆம் பிரிவு, பந்தயத்தையும் வேகச் சோதனையையும் பாலிசி விலக்கியிருந்தால் அதைத் தற்காப்பாகச் சொல்லிக் கம்பெனி விலகிக்கொள்ளவும் இடம் தருகிறது. அப்போது ஈட்டுத்தொகை ஓட்டியவர் தலையில் விழும். ஐரோப்பாவும் இதே முடிச்சில் சிக்கியது. ஸ்லோவேனியாவில் ஒரு பண்ணையில் டிராக்டர் இடித்து ஏணியிலிருந்து ஒருவர் விழுந்த வழக்கில், தனியார் இடத்திலும் மோட்டார் காப்பீடு பொருந்தும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் சொல்லிவிட, ரேஸ் டிராக்குகளுக்கும் கட்டாயக் காப்பீடு வந்துவிடுமோ என்று மோட்டார் விளையாட்டு உலகமே பதறியது. வேறு காப்பீடு இருந்தால் மூடிய டிராக்குகளுக்கு விலக்கு என்று 2021இல் ஒரு வழிகாட்டுச் சட்டம் போட்டுத்தான் அதை அவிழ்த்தார்கள்.

உடம்புக்கு வருவோம். இங்கே கொஞ்சம் ஆறுதல் இருக்கிறது, பலருக்குத் தெரியாத ஆறுதல். ஹெல்த் பாலிசிகளில் சாகச விளையாட்டுக்கான விலக்கை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒரே மாதிரி வாசகமாக்கியிருக்கிறது. மோட்டார் ரேஸிங் அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. ஆனால் தொழில்முறை விளையாட்டுக்காரராகப் பங்கேற்றால் மட்டுமே விலக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கு ஓட்டிக் கை ஒடிந்தவருக்கு ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்க உரிமை உண்டு. தனியாக வாங்கும் பெர்சனல் ஆக்ஸிடென்ட் பாலிசி வேறு. அதில் பல கம்பெனிகள் பந்தயத்தை, அமெச்சூரோ இல்லையோ, மொத்தமாக ஒதுக்குகின்றன. இரண்டையும் எடுத்துப் படியுங்கள். இருங்காட்டுக்கோட்டையில் 2023 ஜனவரியில் நடந்த தேசிய கார் பந்தயத்தில் அனுபவமிக்க ஓட்டுநர் ஒருவரும், அதே ஆண்டு ஆகஸ்டில் பைக் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவனும் இறந்தார்கள். ஆம்புலன்ஸும் டாக்டரும் தயாராக நிற்கிற டிராக்கிலேயே இது நடக்கும்.

ஒன்றைக் கண்டிப்போடு சொல்ல வேண்டும். டிராக்கில் நசுங்கிய காரை நெடுஞ்சாலைக்கு இழுத்துவந்து, “நாய் குறுக்கே வந்தது சார்” என்று கிளைம் போடும் யோசனையை யாராவது ஒருவர் அங்கேயே சொல்லக்கூடும். செய்யாதீர்கள். சர்வேயர் டயர் தேய்ந்த விதத்தைப் பார்ப்பார், அடியில் சிக்கிய ஜல்லியைப் பார்ப்பார், டவ் வண்டியின் பில்லைக் கேட்பார். டிராக் டேயின் போட்டோக்கள் அன்று மாலையே ஊர் முழுக்கப் பரவியிருக்கும். பொய் பிடிபட்டால் கிளைம் போவதோடு பாலிசியும் போகும், ஏமாற்றுக் குற்ற வழக்கும் வரலாம்.

வெளிநாடுகளில் இதற்கு விடை கண்டுபிடித்தாயிற்று. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஒரு நாளுக்கான டிராக் டே பாலிசி விற்கிறார்கள். காரின் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்வார்கள். நஷ்டத்தின் முதல் பகுதியை ஓட்டுபவர் ஏற்க வேண்டும். மிச்சத்தைக் கம்பெனி தரும். அது இங்கே முடியாத காரியமா? நம் டாரிஃபிலேயே ஐ.எம்.டி. 31 என்று ஒரு எண்டார்ஸ்மென்ட் இருக்கிறது. கூடுதல் பிரீமியம் கட்டினால், குறிப்பிட்ட தேதியில் குறிப்பிட்ட அமைப்பு நடத்தும் ரிலையபிலிட்டி ட்ரையலுக்கோ ராலிக்கோ பாலிசியை நீட்டித் தரலாம். பந்தயத்தையும் வேகச் சோதனையையும் அது சேர்ப்பதில்லை, காரில் உட்கார்ந்திருப்பவருக்கு ஏற்படும் காயத்தையும் ஏற்பதில்லை. என்றாலும் ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் விலை வைத்து விற்கும் வழியை 2002லேயே எழுதிவைத்திருக்கிறார்கள். 2022 ஜூலையில், ஓட்டும் தூரத்தையும் ஓட்டும் விதத்தையும் வைத்துப் பிரீமியம் போடும் ஆட்-ஆன்களுக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதி தந்துவிட்டது. கிலோமீட்டருக்கு விலை போடத் தெரிந்தவர்களால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு விலை போட முடியாதா?

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் காமராஜர் சாலை. நள்ளிரவு தாண்டி அங்கே பைக்குகளில் பந்தயம் விடுகிற பையன்களின் சத்தம் பைகிராஃப்ட்ஸ் ரோடுவரை கேட்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி முதல் முறைக்கு மூன்று மாதம்வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். போலீஸ் பிடிக்கிறது, வண்டியைப் பறிக்கிறது, பெற்றோரைக் கூப்பிட்டு எச்சரிக்கிறது. “ரோட்டில் ஓட்டாதே, டிராக்கில் போய் ஓட்டு” என்று நாமும் சொல்கிறோம். சரியான அறிவுரைதான். ஆனால் அதைக் கேட்டு, பணம் கட்டி, ஹெல்மெட் மாட்டி, கொடி காட்டுபவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஓட்டுகிறவனுக்கு அவன் வண்டிக்காக ஒரு ரூபாய் பாதுகாப்புகூட வாங்கிக்கொள்ள வழியில்லாமல் வைத்திருக்கிறோம். டிராக், கார் தொழிற்சாலைகள், ஒயிட்ஸ் ரோட்டில் தலைமையகம் வைத்திருக்கும் அரசு இன்ஷூரன்ஸ் கம்பெனி எல்லாம் ஒரே ஊரைச் சுற்றி இருந்தும், அந்த ஒரு நாள் பாலிசியை எழுத யாரும் முன்வராதது எனக்குக் கோபத்தைத் தருகிறது. கிளப்பும் கம்பெனிகளும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் தீர்கிற விஷயம் இது.

அதுவரை, போவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஏஜென்ட்டிடம் வாயால் கேட்காமல், கம்பெனிக்கே மெயில் அனுப்புங்கள். தேதி, இடம், நடத்துபவர் பெயர், லேப் நேரம் எடுப்பார்களா மாட்டார்களா என்பதை எழுதி, பாலிசி செல்லுமா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். ‘செல்லாது’ என்று வந்தால், அன்று ஏற்படும் சேதம் முழுவதையும் கைக்காசில் சரிசெய்ய முடியுமா என்று கணக்குப் பாருங்கள். கடன் தவணை பாக்கியிருக்கும் காரை இறக்கவே இறக்காதீர்கள். கார் உருத்தெரியாமல் நசுங்கினாலும் பாங்க் மாதாமாதம் தவணையை எடுத்துக்கொண்டேதான் இருக்கும்.

(தொடரும்)