மரமில்லாக் காட்டின் மான் சொற்கள்

ஸ்கொத்லாந்தின் வடபால் மலைநாட்டுப் படத்தை விரித்துப் பார்க்கும் மாணவர் ஒருவர் திகைப்பது உறுதி. மலைத்தொடர்களின் குறுக்கே ‘பொறஸ்ட்’, அதாவது காடு, என்ற சொல் இடத்துக்கிடம் அச்சிடப்பட்டிருக்கும். அங்கு நேரிற் செல்பவரோ நெடுந்தூரம் நடந்தும் ஒரு மரத்தையேனும் காணாது திரும்புதல் கூடும். பாறையும், சதுப்பும், ‘ஹெதர்’ என்னும் ஊதாப் பூப் புதருமே அங்குள்ளன. படம் வரைந்தவர் தவறிழைத்தாரல்லர். அச்சொல் ஆதியில் மரத்தைக் குறித்து எழுந்ததன்று.

‘வெளியே’ எனப் பொருள்படும் இலத்தீன் அடியிலிருந்து அது பிறந்தது என்பர். பொதுச் சட்டத்துக்குப் புறம்பாக, அரசனுடைய வேட்டைக்கென ஒதுக்கிய நிலமே ‘பொறஸ்ட்’. 1066ஆம் ஆண்டில் இங்கிலாந்தை வென்ற நோர்மானிய வில்லியம், கலைமானையோ பிணைமானையோ கொன்றவனின் கண்களைப் பறிக்குமாறு விதித்தான். மானுக்காக ஒருவன் உயிரையோ உறுப்பையோ இழத்தலாகாது என்ற விதி, 1217ஆம் ஆண்டின் வனப் பட்டயத்தோடுதான் வந்தது. ஸ்கொத்லாந்து மன்னரும் இவ்வாறே வேட்டை நிலங்களை ஒதுக்கினர்.

அரண்மனையார் பிரெஞ்சு மொழி பேசியவராதலின், வேட்டைச் சொற்கள் பலவும் அம்மொழியின் சாயலைப் பெற்றன. செம்மானின் ஆணுக்கு வயதுதோறும் ஒரு பெயர் உண்டு. இரண்டாம் ஆண்டில் அது ‘புரொக்கற்’; ஐந்தாம் ஆண்டில் ‘ஸ்ராக்’; ஆறாம் ஆண்டிலேதான் ‘ஹார்ட்’ என்னும் பெருமையை எய்தும். கொம்பிலே பன்னிரண்டு கவர்கள் உடையது ‘றோயல்’, அதாவது அரச மான். இவற்றை வழுவின்றி வழங்குதல் உயர்குடிப் பிறப்பின் அடையாளமாகக் கருதப்பட்டது.

நம்மவர்க்கு இது புதுமையன்று. ஆணுக்குக் கலை, பெண்ணுக்குப் பிணை, குட்டிக்கு மறி எனத் தொல்காப்பிய மரபியல் என்றோ வகுத்துள்ளது. இன்னொரு பொருத்தமும் நம்மை வியப்பில் ஆழ்த்தியது. மானைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிய ‘டியர்’, பண்டைக்காலத்தில் எல்லா விலங்குக்கும் பொதுப்பெயராய் இருந்தது. வடமொழி ‘மிருக’மும் விலங்கையும் மானையும் ஒருங்கே குறிப்பதன்றோ? மிருகசீரிடம் என நாம் சாதகத்தில் எழுதுவது மான்தலை நட்சத்திரத்தையே.

அரண்மனையை விட்டு மலையேறினால் சொற்களின் குடி மாறிவிடுகிறது. மான் மோப்பம் பிடியாதவாறு காற்றை எதிர்நோக்கி, மணிக்கணக்காக ஈரநிலத்தில் ஊர்ந்து செல்லும் வேட்டை அது. வழித்துணையாக வரும் ஏவலன் ‘கில்லி’. கேலிக் மொழியில் இதற்குப் பையன் என்பதே பொருள். மான்கள் ஒதுங்கும் மலைக்குடைவு ‘கொறி’, அதாவது கொப்பரை. விழுந்த மானின் குடலை அகற்றுதல் ‘கிறலொக்’. குடல் என்னும் கேலிக் சொல்லே தொழிலின் பெயராயிற்று. தென்னாட்டிலிருந்து வேட்டைக்கு வந்த ஆங்கிலப் பிரபுக்களும் மலையிலே தம் ஏவலரின் சொற்களையே பேசவேண்டியதாயிற்று.

சொற்கள் ஏறிய இடத்தில் அவற்றுக்குரிய மக்கள் இருக்கவில்லை என்பதே துயரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செம்மறி ஆடுகளுக்காகக் குடியானவர் பலர் பள்ளத்தாக்குகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். ஆட்டு வருவாய் குன்றியபின் அந்நிலங்கள் மான் காடுகளாகக் குத்தகைக்கு விடப்பட்டன. 1887ஆம் ஆண்டு நவம்பரில், லூயிஸ் தீவின் நிலமற்ற ஏழைகள் ‘பார்க்’ என்னும் மான் காட்டினுட் புகுந்து மான்களைச் சுட்டு உண்டனர். எடின்பரோவில் விசாரிக்கப்பட்ட அவர்கள் கலகக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலையாயினர்.

இவ்வாழ்வு முழுவதையும் மலையின் மொழியிலே பாடியவர் டங்கன் பான் மக்கின்றயர் (1724–1812). அவர் எழுத்தறியாதவர், தொழில் ‘பொறஸ்டர்’. மரம் வளர்ப்பவர் என எண்ணற்க. மான் காக்கும் காவலரே அவர். பென் டோரன் மலையையும் அதன் மான் கூட்டத்தையும் புகழ்ந்து அவர் இயற்றிய நெடும்பாட்டு, கேலிக் இலக்கியத்தின் மணிமுடிகளுள் ஒன்று. பிறர் எழுதிக்கொண்டவாறே அவர் பாக்கள் 1768இல் நூலாயின. 1802ஆம் ஆண்டில், முதுமையில் மீண்டும் அம்மலை ஏறியவர், மான்கள் மேய்ந்த இடத்தில் ஆடுகளைக் கண்டு விடைபெறும் பாட்டொன்று பாடினார்.

1919இல் அரசாங்க வனவியல் ஆணைக்குழு அமைந்தபின் அம்மலைகள் சிலவற்றில் மெய்யாகவே மரங்கள் எழுந்தன. இளங்கன்றுகளை மான்கள் மேய்ந்தமையால் வேலியிட நேர்ந்தது. இவ்வாறு ஒரே சொல்லுக்குரிய இரு காடுகள் வேலிக்கு இருபுறமும் நின்றன.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஸ்கொத்லாந்திற் கேலிக் பேசுவோர் ஏறக்குறைய 57,000 பேரே. எனினும் கேலிக் மொழியிற் கற்பிக்கும் பாடசாலைகள் கிளாஸ்கோ போன்ற பெருநகரிலும் உள. ஒக்டோபர் மாதத்துக்கு அம்மொழியிற் பெயர் ‘தாவர்’. கலைமான்கள் பிணையை நாடி முழங்கும் பருவம் என்பது அதன் பொருள். மலையையே காணாத நகரத்துப் பிள்ளையும் அம்மாதத்திலே கொப்பியின் தலைப்பில் திகதியிடும்போது அச்சொல்லைத்தான் எழுதுகிறது.