கொள்ளிடத்து மணலில் ஆலாப் பறவை

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. தென்கிளை காவிரி என்ற பெயருடனேயே செல்ல, வடகிளை கொள்ளிடம் என்று பெயர் பெறுகின்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தீவே ஸ்ரீரங்கம். கோடையில் நீர் வற்றியதும் இரு ஆறுகளிலும் பரந்த மணல்வெளி தலைகாட்டும். அம்மணல் நம் கண்ணுக்கு வெறுமையாகத் தோன்றலாம். ஆனால் ஆற்று ஆலா என்னும் பறவைக்கு அத்தகைய மணல்திட்டே பிறந்த வீடு, வளர்ந்த வீடு எல்லாம்.

ஆலாவை அடையாளம் கண்டுகொள்வது எளிது. நீளத்தில் காகத்தை ஒத்தது, உடலோ மெலிந்தது. மேற்புறம் சாம்பல் நிறம், அடிப்புறம் வெண்மை. இனப்பெருக்க காலத்தில் தலையில் கருந்தொப்பி அணிந்தாற்போல் இருக்கும். அலகு நல்ல மஞ்சள், கால்கள் சிவப்பு. வால் நடுவே ஆழமாகப் பிளவுபட்டு இரு நீண்ட கூர்நுனிகளாக முடியும். நீர்மேல் தலையைக் கவிழ்த்தபடி மெல்லப் பறந்து வரும் பறவை, மீனைக் கண்டதும் ஓரிடத்தில் சிறகடித்து நின்று, பிறகு கல்லெறிந்தாற்போல் நீரில் பாயும். விரலிடைத் தோல் இருந்தும் கால்கள் மிகச் சிறியவை. ஆதலால் வாத்தைப்போல் நீந்தித் திரிவது இதற்கு வழக்கமன்று.

ஆலா இனத்தில் பெரும்பாலானவை கடலைச் சார்ந்தவை. கடல் ஆலாக்கள் உப்புநீரையே பருகி உயிர் வாழ்கின்றன. கண்களுக்கு மேலுள்ள சுரப்பிகள் மிகையான உப்பைப் பிரித்து மூக்குத் துளைகளின் வழியே வெளியேற்றிவிடும். இராமர் பாலத்தின் மணல்திட்டுகளில் பல வகை ஆலாக்கள் முட்டையிடுகின்றன. கோடியக்கரைக்கு மழைக்காலத்தை ஒட்டி வேறு பல வகைகள் வந்து சேர்கின்றன. குளிர்காலத்தில் நம் வயல்களுக்கும் ஏரிகளுக்கும் வருகின்ற மீசை ஆலா, சிறு மீன்களோடு பூச்சிகளையும் பிடித்துத் தின்னும். இக்குடும்பத்தில் ஆற்று ஆலா பெரிதும் உள்நாட்டு நன்னீரையே நம்பி வாழ்வது. கடற்கரை மணலில் அதன் உறவினங்கள் கையாளும் முறைகளையே இது ஆற்று மணலில் கையாளுகின்றது.

அம்முறைகளைச் சற்று விரிவாகக் காண்போம். மார்ச் முதல் மே வரை இது முட்டையிடும் காலம். ஆண் பறவை மீனைக் கொணர்ந்து பெண் பறவைக்கு ஊட்டிய பின்னரே இல்லறம் தொடங்கும். கூடு என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. மணலில் சிறு குழி, அவ்வளவே. அதில் பொதுவாக மூன்று முட்டைகள் இருக்கும். மணல் நிறத்தின்மேல் பழுப்புப் புள்ளிகள் கொண்ட அம்முட்டைகளைக் காலருகே இருந்தாலும் கண்டுகொள்வது கடினம். வயலோரத்தில் ஆட்காட்டியின் முட்டையைத் தேடிப் பார்த்த விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சித்திரை வெயிலில் மணலின் சூடு எத்தகையது என்பதை யாவரும் அறிவோம். ஆகவே இங்கே அடைகாத்தல் என்பது பகலில் முட்டையைச் சூடேற்றுவதன்று, சூட்டிலிருந்து காப்பதேயாகும். தாயும் தந்தையும் மாறி மாறி முட்டைகளின்மேல் நின்று நிழல் தருகின்றன. மணலில் முட்டையிடும் பறவைகள் சில, வயிற்று இறகுகளை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விப்பதும் உண்டு. இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். நண்பகலில் ஒருவர் மணல்திட்டில் அரைமணி நேரம் நின்றால் போதும். அவர் எதையும் தொட வேண்டியதில்லை. பறவைகள் மேலே கூச்சலிட்டுச் சுற்றிக்கொண்டிருக்க, கீழே முட்டைகள் வெந்துவிடும். காகம் அருகிலிருந்தால் அதற்கு அரைமணி கூடத் தேவையில்லை.

ஏறத்தாழ மூன்று வாரங்களில் குஞ்சு பொரிக்கும். அதன் மெல்லிய தூவியும் மணல் நிறமே. தாய் எச்சரிக்கைக் குரல் கொடுத்த கணமே குஞ்சு தரையோடு தரையாகப் படுத்து அசையாமல் கிடக்கும். பெரியவை கூட்டமாக எழுந்து பருந்தையும் நாயையும் தலைக்கு மேல் பாய்ந்து விரட்ட முயலும். பருந்துக்கு இது பலிக்கலாம். கூட்டமாக வரும் நாய்களுக்குப் பலிப்பதில்லை. மாட்டின் குளம்புக்கோ லாரிச் சக்கரத்துக்கோ முன்னால் அசையாமல் கிடப்பது அறிவுடைமையன்று. ஆனால் குஞ்சுக்குத் தெரிந்த தற்காப்பு அது ஒன்றே.

குஞ்சு பறப்பதற்கு மேலும் நான்கு வாரங்கள் தேவை எனக் கொண்டால், முட்டையிட்ட நாளிலிருந்து சுமார் ஐம்பது நாட்கள் மணல் கலையாதிருத்தல் வேண்டும். இனி இக்கணக்கை நம் பாசனக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின், பாசனத்திற்காக ஜூன் 12-ஆம் நாள் நீர் திறப்பது மரபாக இருந்து வருகின்றது. ஏப்ரல் நடுவில் இட்ட முட்டையின் குஞ்சு ஜூன் முதல் வாரத்தில் பறந்துவிடும். நீர் வருவதற்குள் தப்பிவிடும். முதல் முட்டைகள் அழிந்தால் ஆலாக்கள் மறுமுறையும் முட்டையிட முயல்வதுண்டு. ஆனால் மே நடுவில் இட்ட முட்டையின் குஞ்சுக்கு ஜூன் 12-இல் சிறகு முளைத்திராது. ஆகவே ஏப்ரலில் கூட்டைக் கலைப்பவர், அவ்வாண்டின் இரண்டாம் வாய்ப்பையும் சேர்த்தே கலைத்துவிடுகின்றார். 2022-ல் நீர்வரத்து மிகுந்திருந்ததால் மே 24-லேயே அணை திறக்கப்பட்டது. உழவர்களுக்கு அது நற்செய்தி. நாற்றங்கால் முன்னதாகவே விடலாயிற்று. தாமதமாக முட்டையிட்ட மணல் பறவைகளுக்கோ அத்தகைய ஆண்டு கடினமானது.

இங்கே கொள்ளிடத்தின் சிறப்பு தெரிய வரும். பாசன நீர் முக்கொம்பிலிருந்து காவிரியின் வழியே கல்லணைக்குச் செல்கின்றது. கொள்ளிடமோ வெள்ளத்தின் வடிகால். மிகை நீர் வந்தால்தான் அதில் திருப்பி விடுவார்கள். ஆதலால் தென்னாற்றில் நீர் ஓடத் தொடங்கிய பின்னும் வடவாற்றின் மணல் பல ஆண்டுகளில் சில வாரங்கள் உலர்ந்தே கிடக்கும். காலந்தாழ்ந்த குஞ்சுக்கு அச்சில வாரங்களே ஆயுள். முக்கொம்பில் மேலணை 1836-ல் கட்டப்பட்டபோது பறவையை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். எனினும் அந்த ஏற்பாடு அதற்கும் பயன்படுகின்றது.

ஆனால் லாரிகள் இறங்குவதும் அதே மணலில்தான். மணல் அள்ளிய இடத்தில் திட்டு மறைந்து பள்ளம் நிற்கும். கரையோடு ஒட்டிப்போன திட்டுக்கு நாய்கள் நடந்தே சென்றுவிடும். நீர் சூழ்ந்த திட்டை ஆலா நாடுவதற்குக் காரணமே இந்த நாய்ப் பயம்தான். கர்நாடகத்தில் பத்ரா நீர்த்தேக்கத்துத் தீவுகளில் இப்பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடி முட்டையிடுவதும் இதனாலேயே. மணல் போனால் நமக்கும் நட்டம் உண்டு. ஆற்றுப்படுகையில் அமைந்துள்ள குடிநீர்க் கிணறுகளுக்கு நீரைத் தேக்கி வடிகட்டித் தருவது அம்மணலேயன்றோ?

உலக அளவில் அழியக்கூடிய நிலையிலுள்ளவற்றுள் ஒன்றாக ஆற்று ஆலா இன்று கணிக்கப்பட்டுள்ளது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கின்றது. எனினும் கரையோரப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யக்கூடியது சட்டத்தைக் காட்டிலும் எளியது. கோழி, இறைச்சிக் கழிவுகளை ஆற்றோரத்தில் கொட்டுவதைத் தடுத்தால் நாயும் காகமும் குறையும். ஆலாக்கள் கூட்டமாக வட்டமிட்டுக் கத்தும் திட்டு எது என்பது மாடு மேய்க்கும் சிறுவர்களுக்கே தெரியும். மார்ச் மாதத்தில் அவர்களைக் கேட்டறிந்து, அத்திட்டை விட்டு மேய்ச்சல் வழியையும் வெள்ளரிப் பாத்தியையும் சற்றுத் தள்ளி அமைத்துக்கொள்ளலாம். ஜூன் மாதத்தில் குஞ்சுகள் பறந்துவிட்ட பின், பழைய வழியிலேயே மாடுகளை ஓட்டிச் செல்லத் தடையில்லை.