பெங்களூரில் ஒரு வீடு – 6: பத்து மாத அட்வான்ஸ்

விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலிலிருந்து ஈஜிபுரா பக்கம் நடந்தால் சந்துக்குச் சந்து தமிழ் காதில் விழும். 20க்கு 30 அடி மனையில் நாலு மாடி, மாடிக்கு ஒரு குடித்தனம். கேட்டில் தொங்கும் டு-லெட் அட்டையில் போன் நம்பர் இருக்கும், வாடகை இருக்காது. படியேறிப் போனால் வீட்டுக்காரம்மா கேள்விகளை அடுக்குவார்: எத்தனை பேர், எங்கே வேலை, சைவமா அசைவமா. நமக்கு இருப்பது ஒரே கேள்வி.

“அட்வான்ஸ் எவ்வளவுங்கம்மா?”

“பத்து மாசம். காலி பண்றப்ப பெயின்ட்டுக்கு ஒரு மாச வாடகை பிடிச்சுக்குவோம்.”

“ஆறு மாசம்னு பேசலாமா?”

“மேல் வீட்டுக்காரங்க பத்துதான் குடுத்திருக்காங்க தம்பி.”

பேச்சு அதோடு சரி.

வாடகை 20,000 என்று வையுங்கள். அட்வான்ஸ் 2 லட்சம், முதல் மாத வாடகை, புரோக்கருக்கு ஒரு மாதம்; சாவி கைக்கு வருமுன் 2,40,000 போய்விடும். அந்த 2 லட்சத்தை ரெண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 4,000 வட்டி. ஆக, உண்மையான வாடகை 24,000. வீட்டுக்காரர் அதே பணத்தை ஆறு சதவீதத்துக்கு பேங்கில் போட்டால் அவருக்கு வருவது மாதம் ஆயிரம்தான். வட்டிக்கடைக்காரருக்கோ நாலாயிரம்.

உண்மையில் பலர் பேங்கில் போடுவதுமில்லை. மேலே இன்னொரு மாடி எழுப்பிவிடுவார்கள். காலி செய்யும்போது கேட்டால், “அடுத்த ஆள் வரட்டும், தர்றேன்” என்பார்கள். புதுக் குடித்தனக்காரர் தரும் பணம்தான் பழையவருக்குப் போகிறது. 2022இல் ஐடி கம்பெனிகள் ஆட்களை அலுவலகத்துக்குத் திரும்பக் கூப்பிட்ட பிறகு வாடகை எகிறியது. வாடகை ஆயிரம் ஏறினால் அட்வான்ஸ் பத்தாயிரம் ஏறும் என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

சட்டம்? கர்நாடக வாடகைச் சட்டம், 1999 இருக்கிறது. பெங்களூரில் மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டினால் அது பொருந்தாது. இன்று அந்தத் தொகைக்குள் இங்கே ஒற்றை அறை கிடைப்பதே அபூர்வம். மற்றவர்களுக்கு 11 மாத அக்ரிமென்ட்தான் கதி; ஒரு வருடத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்பதால் வந்த 11. தமிழ்நாட்டில் 2019இல் அமலுக்கு வந்த சட்டம் அட்வான்ஸை மூன்று மாத வாடகையோடு நிறுத்துகிறது. மத்திய அரசின் 2021 மாதிரிச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டே மாதம் என்கிறது. ஆனால் மாநிலம் ஏற்றால்தான் அது செல்லும். இப்போது சில அடுக்குமாடிகளில் ஐந்து, ஆறு மாதம் என்று இறங்கியிருக்கிறார்கள். சந்து வீடுகளில் பத்துதான் வழக்கம் என்று சொல்லும் ஓனர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்த அட்வான்ஸ் ஏழைகளை இன்னும் கடுமையாக அடிக்கும். 2013 ஜனவரியில் இதே ஈஜிபுராவில் ஏழைகளுக்கான குடியிருப்பை மாநகராட்சி இடித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. தமிழ் பேசுகிறவர்கள் அதில் ஏராளம். பலர் நடைபாதையிலேயே தங்கினார்கள். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் மாத வாடகையை எப்படியாவது புரட்டிவிடுவார்கள். பத்து மாத வாடகையை ஒரே நாளில் எங்கே புரட்டுவது?

இத்தனைக்கும் நடுவில் வாடகையே இல்லாத வீடும் இந்த ஊரில் உண்டு. தமிழ்நாட்டில் ஒத்தி என்பார்கள், இங்கே லீஸ். மொத்தமாகச் சில லட்சங்களைக் கொடுத்துவிட்டு இரண்டு, மூன்று வருடம் இருக்கலாம். அதில் ஏமாந்தவர்களின் கதை அடுத்த வாரம்.