முன்பக்கம் ஊளையிடும் கார்: கியர் பாக்ஸைப் பிரிக்குமுன் கவனிக்க வேண்டியவை

மும்பையில் டாக்சி ஓட்டிப் பிழைக்கும் நம்மவர்கள் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில் அவர்களிடையே அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு: "வண்டி முன்பக்கம் ஙொய்யென்று ஊளையிடுகிறது." ஒர்க்ஷாப்பில் விட்டால், "கியர் பாக்ஸ் போச்சு, பிரித்துத்தான் பார்க்கணும்" என்று பதில் வரலாம். வண்டி இரண்டு மூன்று நாள் நிற்கும். நாள் வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு அத்தனை நாள் கூலியும் போயிற்று. கடைசியில் பார்த்தால் சத்தம் ஒரு சக்கரத்தின் பேரிங்கிலிருந்து வந்திருக்கும்.

பழைய பத்மினி டாக்சியில் இந்தக் குழப்பம் குறைவு. அதில் இன்ஜின் முன்னால். வண்டியைத் தள்ளுவது பின் சக்கரம். டிபரன்ஷியல் ஊளையிட்டால் பின்னாலிருந்து கேட்கும். அந்த வண்டிகள் 2023 அக்டோபர் இறுதியோடு சாலையை விட்டுப் போய்விட்டன. இப்போதைய சிறு கார்களிலோ இன்ஜின், கியர் பாக்ஸ், டிபரன்ஷியல் எல்லாமே முன் சக்கரங்களுக்கு நடுவே அடைந்து கிடக்கின்றன. ஆகவே சத்தம் முன்னால் கேட்கிறது என்பதை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாது.

முதலில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ரேஸ் கொடுத்துப் பாருங்கள். நின்ற இடத்திலேயே ஊளை ஏறி இறங்கினால் சக்கரத்தின் மேல் பழியில்லை. ஹெட்லைட்டைப் போட்டதும் சத்தம் கூடினால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்கலாம். ஸ்டீரிங்கைத் திருப்பும்போது கூடினால் பவர் ஸ்டீரிங் பம்ப். எண்ணெய் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். (மின்சார ஸ்டீரிங் உள்ள வண்டியில் இந்தப் பம்பே கிடையாது.) கிளட்ச்சை மிதித்ததும் சத்தம் அடங்கினால்தான் கியர் பாக்ஸ் பேரிங் பக்கம் போக வேண்டும்.

நிற்கும்போது சத்தமில்லை, ஓடும்போதுதான் என்றால், நெரிசலில்லாத நேரான சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கணம் நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். இன்ஜினை மட்டும் அணைத்துவிடாதீர்கள். பிரேக்கும் ஸ்டீரிங்கும் கனத்துப்போகும். இன்ஜின் அடங்கிய பிறகும் சத்தம் அப்படியே தொடர்ந்தால் பெரும்பாலும் சக்கர பேரிங், அல்லது டயர். சாலையின் தளம் மாறும்போது சத்தமும் மாறினால் டயர். முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டால் சத்தமும் கூடவே பின்னால் போய்விடும்.

எந்தப் பக்கத்து பேரிங்? இடது பக்கம் வளையும்போது வண்டியின் பாரம் வலது சக்கரத்தில் விழும். அப்போது ஊளை கூடினால் வலது பேரிங். வலப்புறம் வளையும்போது கூடினால் இடது. பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழே முட்டும் கொடுத்து, சக்கரத்தைக் கையால் சுழற்றியபடி ஸ்பிரிங்கின் மேல் மற்றொரு கையை வையுங்கள். கெட்ட பேரிங்கின் கரகரப்பு விரலுக்கே தெரிந்துவிடும்.

ரயில்வேயில் இதற்கென்றே ஆட்கள் உண்டு. வண்டி நிலையத்துக்குள் நுழையும்போது தண்டவாளத்தின் இரு பக்கமும் குந்தி உட்கார்ந்து, ஓடும் சக்கரங்களின் சத்தத்தைக் கேட்பார்கள். நின்ற பிறகு அச்சுப் பெட்டியின் சூட்டையும் பார்ப்பார்கள். பேரிங் இறுகி அச்சு முறிந்தால் வண்டி தடம் புரளும் என்பதால்தான் இத்தனை கவனம். காரிலும் ஊளையிடும் பேரிங்கை மாதக்கணக்கில் ஓட்டினால் சக்கரம் ஆட்டம் கண்டு, ஓட்டத்திலேயே கழன்று போகவும் கூடும்.

ஹிந்துமாதா, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் தேங்கும் மழைத் தண்ணீரில் சக்கரம் மூழ்க ஓட்டிய வண்டிகளை அதிகம் கவனிக்க வேண்டும். சீல் தேய்ந்திருந்தால் தண்ணீர் புகுந்து கிரீஸைக் கெடுத்துவிடும், பேரிங்கும் துருப்பிடிக்கும்.

புது பேரிங்கை பிரஸ்ஸில் வைத்து அழுத்தித்தான் ஏற்ற வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றுகிற கடைக்குப் போகாதீர்கள். அப்படி ஏற்றிய பேரிங் சீக்கிரமே மறுபடி ஊளையிடும். அச்சு நட்டையும் புதிதாகப் போடச் சொல்லி, டார்க் ஸ்பேனரால் முறுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.